என் பல்லி, அவள் கையில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பல்லி சாப்பிட்டது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்துவிட்டு, ஒரு முழுப் புழுவை லபக்கென்று விழுங்கியது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஏன் தெரியுமா? புழுவைக் கொடுத்த கை என்னுடையதல்ல!

பல்லியா வளர்க்கிறாய் என்று நீங்கள் முகம் சுளிப்பது இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்ட் வரை தெரிகிறது. நம் ஊரில் துடைப்பத்தால் தட்டிவிடுகிற ஜந்து... மேலே விழுந்தால் பலன் பார்க்கிற ஜந்து... இங்கே அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, விளக்குப் போட்டு, பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ரசாயன லேபில் வேலை பார்த்த ஹெல்கா, கல்யாணம் ஆகி ஹாம்பர்க் போகும்போது தன் பல்லியை என்னிடம் விட்டுப் போனாள். மாப்பிள்ளைக்குப் பயமாம். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். இமை உண்டு, நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டும். பூர்விகம் பாகிஸ்தான் பக்கத்துப் பாறை நிலமாம். அட, நம்ம பக்கத்து ஆள்! பெயர்தான் ஓட்டோ.

மத்தியானம் முடிவதற்குள் இருட்டிவிடுகிற ஊரில், வீடு திரும்பினால் கண் சிமிட்ட ஓர் உயிர். சிரிக்காதீர்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவள் ஜைனப். மேலப்பாளையத்துக்காரி, கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாள். ஓட்டோ வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "ஏட்டி சரோ, அது உன் ரூம் வாசலைத் தாண்டி வந்திச்சு... நான் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுத்திருவேன்."

குளிர் ஏறியதும் தொட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். வறண்ட நிலத்துப் பிராணிதானே, சூடும் உலர்வும் சுகம் என்று கணக்குப் போட்டேன். ஓட்டோ வெளுத்தது. தோல் உரிக்கப் போகிறது என்று ஆவலாகக் காத்திருந்தேன். உரித்தது... பாதிதான். முதுகில் கிழிந்த காகிதம் போல ஒட்டிக்கொண்டு நின்றது. விரல்களில் அழுக்குக் காலுறை மாட்டியது போலச் சுருண்டு இறுகியது. சாப்பாட்டை அதோடு நிறுத்திவிட்டது.

நான் என்னதான் செய்யவில்லை? புழுவை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். பூச்சியை மாற்றினேன். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன். லேபிலிருந்து ஓடிவந்து பார்த்தேன், சமைக்கும்போது நடுவில் வந்து பார்த்தேன். வால் மெலிந்துகொண்டே போனது. அந்த வாலில்தான் அதன் சேமிப்புக் கொழுப்பெல்லாம் இருக்கிறது.

பயந்துபோய், கூடையில் துணி சுற்றி மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹீட்டர் காற்று ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்றார். தோல் கழற்ற ஈரம் வேண்டும். விரலில் இறுகிய பழைய தோல் நூல் கட்டியது போல ரத்தத்தை நிறுத்திவிடும், விரலே போய்விடும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், கால் மட்டும் நனைகிற அளவுக்கு நிற்க வையுங்கள். ஒரு டப்பாவில் ஈரப் பாசி போட்டு உள்ளே வையுங்கள். பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். இழுக்காதீர்கள் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

மறுநாளிலிருந்து ஞாயிறு வரை எனக்கு மியூனிக்கில் கருத்தரங்கு. போகாமல் இருக்க முடியாது. ஜைனப்பின் கதவைத் தட்டினேன்.

"நானா? அதையா? தொடணுமா?"

"செத்துடும் ஜைனப்."

என் ரூம் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கையுறை வாங்கிக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

ஞாயிறு மாலை திரும்பி வந்தேன். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. சமையலறையில் ஜைனப் ஏதோ சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். இடது முன்கையில் ஓட்டோ! கையுறை இல்லை. முதுகு பளபளவென்றிருந்தது. விரல்களில் ஒன்றைத் தவிர எல்லாம் சுத்தம். எழுதுவதை நிறுத்தாமலே அவள் ஒரு புழுவை நீட்ட, லபக்.

"பாத்தியாட்டி, தங்கம் சாப்பிடுது!"

தங்கமா? அதன் பெயர் ஓட்டோ!

"ரொம்ப தேங்க்ஸ். இனிமே நானே பாத்துக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் பல்லியை என் உள்ளங்கையில் இறக்கினாள். அது உடனே திரும்பி அவள் பக்கம் நடந்தது.

காதலனைத் தோழியிடம் பறிகொடுத்தவர்களின் கதை எத்தனை படித்திருக்கிறேன்! ஒரு பல்லிக்காக எனக்கு அப்படி வயிறு எரிந்தது. திங்களும் செவ்வாயும், வாங்கியதிலேயே கொழுத்த புழுவாகப் பொறுக்கி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த அறையிலிருந்து "தங்கம் சாப்பிட்டுச்சா?" என்று குரல் வரும். சாப்பிட்டது என்று பொய் சொன்னேன்.

புதன்கிழமை பார்த்தால், மிச்சமிருந்த அந்த ஒரு விரல் வீங்கிச் சிவந்திருந்தது. பஞ்சுக் குச்சியை எடுத்தேன். ஓட்டோ நெளிந்தது. இழுத்துவிடுவேனோ என்று பயம் வந்தது. ரோஷம் பார்க்க நேரமில்லை.

"ஜைனப்! கொஞ்சம் வாயேன்!"

வந்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் தண்ணீர் தொட்டு, உருட்டி, நிறுத்தி, அது ஆசுவாசப்படும்வரை பொறுத்து, மறுபடி உருட்டினாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தோல் வளையம் கழன்று பஞ்சில் ஒட்டியது. சாயங்காலத்துக்குள் விரல் வீக்கம் வடிந்துவிட்டது.

"சாப்பிடறதில்ல, என்கிட்ட" என்றேன் கடைசியில். "உன்கிட்ட மட்டும் எப்படி?"

"நான் அது பக்கமே பாக்கலட்டி, பயத்துல. புழுவை நீட்டிட்டு வேற எங்கயோ பாத்துக்கிட்டிருந்தேன். நீ அது வாயையே பாத்துக்கிட்டு நிக்கிற. எவளாச்சும் உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னா உனக்குச் சோறு இறங்குமா?"

கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதால் கூடுதலாக வந்தது. நாம் உயிரையே வைத்திருக்கிற இடத்தில்தான் இப்படி எதிராளிக்கு மூச்சு முட்ட நின்றுவிடுகிறோம், இல்லையா? கொஞ்சம் விலகி நின்று காற்று வர விட்டவருக்குத்தான் ஓட்டு விழுகிறது.

வேறு எங்கோ பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், ஓட்டோவும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தது. புழுதான் தப்பித்தது. அந்த வால் இனி மெலியத் தாங்காது. வெள்ளிக்கிழமை தொட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் ஜைனப்பின் மேஜையில் வைத்தேன். "உன் ரூம் குளியலறைக்குப் பக்கம். ஈரக் காத்து இருக்கும். அதுக்காகத்தான்" என்றேன். "அதுக்காகத்தான்" என்று அவளும் தலையாட்டினாள். பல்லைக் காட்டவில்லை, அந்த மட்டும் நல்லவள்.

இப்போது தினமும் போய் நலம் விசாரிக்கிறேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம்... தங்கம் தூங்குகிறதாம்!