தம்பி எடுத்த பிடிமண்

கண்புரை ஆபரேஷன் முடிந்து சும்மா இருந்த அப்பாவுக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். டிவியைத் திட்டி அவருக்கும் அலுத்துவிட்டது, கேட்டு எங்களுக்கும் அலுத்துவிட்டது. அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடிகளைத் துப்பாக்கி முனையில் ஊரைவிட்டு விரட்டிய கதை அது. வழியெல்லாம் சாவு. அப்படியும் தாங்கள் கும்பிட்ட நெருப்பின் கங்குகளை அணையவிடாமல் சுமந்துகொண்டு மேற்கே நடக்கிறார்கள்.

"நிறுத்துப்பா," என்றார் அப்பா. "அவங்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சே."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ரெட்டிபாளையம் பக்கம் இருந்த எங்கள் ஊரைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எடுத்தபோது, சித்தப்பா குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்தார். அந்த மண்ணை வைத்துத்தான் போகிற இடத்தில் சாமியை நிறுத்த முடியும். அப்பா எடுக்கவில்லை. மண்ணெடுத்தால் போகச் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமாம். "ஊர விட்டுக்குடுத்த பய, என் வூட்டு வாசல மிதிக்காத," என்று தம்பியை விரட்டினார். பிறகு நாங்களும்தான் கிளம்பினோம். கோயில் இருந்த இடம் இன்று பெரும் பள்ளம்.

கீழப்பழுவூரில் புது வீடு கட்டியும் எங்களுக்குச் சாமி இல்லை. பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. மருமகள் முகத்தைப் பார்க்கவே அப்பா கூச்சப்பட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான், ஆனால் அந்தக் கூச்சத்தைப் பார்த்தால் கோபம் போய்விடும்.

மறுவாரம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "திருமானூர் போவோம்," என்றார். சித்தப்பா குடியேறிய ஊர் அது. பஸ்ஸில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தம்பியிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார் போலும். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"தம்பி, ஒரு பிடி..." என்று ஆரம்பித்தார்.

சித்தப்பா உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிப்பைக் கொண்டுவந்தார். "ஒனக்குஞ் சேத்துத்தாண்ணே அன்னைக்கே எடுத்தேன்."

"அப்பவே கொண்டாந்து குடுத்தா என்னடா?" அப்பா கத்தினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வாசல மிதிக்காதன்னு நீதானண்ணே சொன்ன."

அப்பா முடிப்பை வாங்கக் கை நீட்டவில்லை. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீயே வந்து வையிடா," என்றார்.