புளி போட்டு மினுக்கிய ராசா

என் கணவருக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு புதையல் பைத்தியம் பிடித்தது. அந்த வயதில் மற்ற வீட்டு ஆண்கள் கோவில் நிர்வாகத்துக்குள் நுழைந்து சண்டை பிடிப்பார்கள். இவர் உலோகம் தேடும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். நீளத் தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம், காதுக்கு இரண்டு மூடி. டென்மார்க்கில், கோல்டிங் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தோண்டுவதற்குக் கொமூனிடம், அதாவது நகரசபையிடம், அனுமதியும் எடுத்துவிட்டார். சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கிற மனிதர், அனுமதியை மட்டும் ஒரே கிழமையில் எடுத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். ஆசையில் இல்லை. இந்த மனிதருக்குப் பைத்தியம் இல்லை என்று போகிறவர் வருகிறவருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. தேத்தண்ணிப் போத்தலோடு மர வாங்கில் உட்கார்ந்து பார்ப்பேன். கருவி கீச்சிடும். இவர் முழங்காலில் விழுவார், புல்லைச் சதுரமாக வெட்டி மூடியைத் திறப்பதுபோலத் தூக்குவார். உள்ளே ஒரு பியர் மூடி. அடுத்த குழியில் கோலா டின்னின் வளையம். ஒருமுறை சில்லு இல்லாத விளையாட்டுக் கார் ஒன்று கிடைத்தது. அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ பழங்காலத்துத் தேராம்!

நாயோடு வரும் ஒவ்வொரு டேனிஷ்காரரும் நின்று, "தங்கம் கிடைத்ததா?" என்று கேட்டுத் தாமே சிரிப்பார். அந்தப் பகிடியை உலகத்தில் முதல்முதலாகச் சொன்னவர் தாம்தான் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. எங்கள் ஆட்கள் அதைவிட மோசம். கோவிலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை, உம்மட மனிசனுக்கு வேலை போயிட்டுதோ? பார்க்கில குப்பை பொறுக்கித் திரியிறாராம்" என்று இரக்கத்தோடு கேட்டார். எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அங்கும் இவர் தோண்டிக்கொண்டு வந்துவிடுவார் என்பதால் போகவில்லை.

அவருக்குக் காசாசை இல்லை. பெயராசை. இந்த நாட்டில் மண்ணுக்குள் கிடைக்கும் பெறுமதியான பழம்பொருள் அரசுக்குச் சொந்தம், டேனஃபே என்பார்கள். மியூசியத்தில் கொடுத்தால் கண்டெடுத்தவரின் பெயரைப் பொருளோடு பதிந்து வைப்பார்கள். இவருடைய பெயரோ வேலை செய்கிற தொழிற்சாலையில் யாருக்கும் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே இரண்டு எழுத்தாக நறுக்கப்பட்டுவிட்டது. நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல அந்த இரண்டு எழுத்தால்தான் இன்றுவரைக்கும் கூப்பிடுகிறார்கள்.

"மியூசியத்தில முழுப் பேரையும் எழுதத்தானே வேணும்" என்பார்.

"ஓமோம், பியர் மூடிக்குப் பக்கத்தில பெரிசா எழுதுவினம்" என்பேன்.

போன இலையுதிர் காலத்தில் உண்மையாகவே ஒன்று கிடைத்தது. நகத்தின் தடிப்பில் கறுத்த ஒரு சின்ன நாணயம். உற்றுப் பார்த்தால் ஒரு தலையும் சுற்றிவர எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. இவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்குப் போய்விட்டேன். அந்த இடைவெளியில் இவர் செய்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். குத்துவிளக்கை விளக்குவதுபோலப் புளிக் கரைசலில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷால் உரஞ்சி, பிறகு திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது நாணயம் சாமித் தட்டில் சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. கார் வாங்கிய அன்றும் இப்படித்தான், முதலில் பொட்டு.

"பாரும், எப்பிடி மினுங்குது! ஊத்தையோட ஒரு பெரிய இடத்துக்குக் கொண்டுபோகலாமோ?"

"ராசாவுக்குப் பொட்டும் வைச்சாச்சு. இனி மாலை ஒண்டுதான் குறை" என்றேன்.

கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு மியூசியத்துக்கு வந்தார். கையுறை போட்ட ஒரு இளம் பெண் நாணயத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, விளிம்பில் என்ன சிவப்பு என்று கேட்டாள். எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் கேட்டாள். இவர் சமையல் குறிப்புச் சொல்வதுபோல மகிழ்ச்சியாகச் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: அந்தக் கறுப்புப் படிவில்தான் முகமும் எழுத்தும் இருந்தன, இப்போது எந்த ராசா, எந்தக் காலம் என்று சொல்ல முடியாது, இதை நாங்கள் எடுக்கமாட்டோம். "இனி… கழுவ… வேண்டாம். விளங்குகிறதா?"

"அப்படியென்றால் என் பெயர்…" என்று இவர் தொடங்கினார்.

"தேவையில்லை" என்று அவள் சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை நையாண்டி பண்ணுகிற உரிமை என்னுடையது, அவருடைய சேற்றுச் சப்பாத்துகளைக் கழுவிக் கழுவிச் சம்பாதித்தது. இவள் யார்? "அவருக்கு டேனிஷ் நன்றாக விளங்கும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே இந்த நாட்டில் வேலை செய்தவர். வேகமாகவே பேசலாம்" என்றேன். அவளுடைய காது சிவந்தது. நாணயத்தை இவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

பஸ் தரிப்பில் இவர் அதை எடுத்துக் கோட்டு நுனியால் துடைத்தார். முகமும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் தகடு.

"எண்டாலும் நல்லா மினுங்குது, என்ன?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

வாயில் பத்துப் பதில் வந்து நின்றது.

"ஓம்" என்றேன். "நல்லா மினுங்குது."