என் மாத்திரைக்கு அவர்கள் பத்தியம்

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் நண்பகல் ஆனதும் ஒருவரை ஒருவர் பார்த்து 'மால்ட்சைட்' என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். சாப்பிட்டாயா என்ற விசாரிப்பெல்லாம் அதில் கிடையாது. பதிலுக்கு அதையே சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். 'மென்சா' என்னும் பொது உணவகத்தில், பால் ஒத்துக்கொள்ளாதவரும் கோதுமை ஆகாதவரும் கறி தொடாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற நோய். முன்பொரு முறை ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் பூசணிக்காயாய் உப்பியிருந்தபோது, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாங்க மாட்டாமல் கூட வேலை செய்யும் மோனிகாவிடம் நானே சொன்னேன். "உனக்குத் தனிமை வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அன்பாகத்தான் போனாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

அப்புறம் நோய் அடங்கிக் கிடந்தது. அந்தத் தெம்பில்தான் இந்தப் புளி சீசனுக்கு ஜவ்வாது மலைக்குப் போனேன். நான் பிறந்த வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். வெயில் பட்டால் இந்த நோய் கிளம்பிவிடும். ஆனாலும் அண்ணன் மரமேறிப் புளி உலுக்க, கீழே குடை பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடையை மடக்கிவிட்டுப் பொறுக்கினேன். சில நாளிலேயே விரல் மூட்டெல்லாம் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அண்ணன் டவுனுக்கு அழைத்துப் போனார். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்றார். இந்தத் தடவை சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக்கும் கொடுக்கச் சொன்னார். பயந்து செத்தேன். சிறுநீரகம் போனால் எனக்கு மலையும் இல்லை, ஜெர்மனியும் இல்லை.

மறுநாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சப்பென்றிருந்தன. எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து, கொல்லைப்புறத்தில் அண்ணன் மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தபோது அண்ணியிடம் மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி மருந்து துன்னுது. நீ இங்க குந்திக்கினு உப்பு நக்கினுகீறியா?"

அப்போதுதான் விளங்கியது: வீடு மொத்தமும் என்னோடு பத்தியம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டாக்டர் எனக்குத்தான சொன்னாரு அண்ணி? அதுவும் கொறைக்கத்தான சொன்னாரு?"

"ஒருத்தி நாக்கக் கட்டிக்கினு கீறசொல்ல, மத்தவங்க சப்புக்கொட்டினு துன்னா மருந்து எப்படி புடிக்கும்?" என்றார் அண்ணி, கொல்லை அடுப்பில் சோற்றைக் கிளறியபடி. எங்கள் வீட்டு வழக்கம் அது. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அண்ணன் குப்பையில் போடாமல் தினமும் இரண்டு தட்டு தின்றார்.

சோதனை முடிவை வாங்க அண்ணன்தான் மலையிறங்கிப் போனார். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, "கிட்னிக்கு ஒண்ணும் இல்லியாம் பாப்பா" என்றார். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு நிம்மதி. அண்ணியோ அதற்குள் கோழியைப் பிடித்துவிட்டார். "நாளிக்கே பத்தியத்த முறிச்சிடலாம். எண்ணெ தேய்ச்சித் தலைக்கு ஊத்திக்கோ. மாத்திரயத் தூக்கிப் போடு."

திடீரென்று நிறுத்தக் கூடாதே! சுரப்பி, ஹார்மோன் என்று ஏதேதோ உளறினேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணி பொறுமையாகக் கேட்டார், ஒன்றும் ஏறவில்லை. கடைசியில், "மருந்து முடிஞ்சாலும் மறுபத்தியம் இருக்கணும்ல அண்ணி? ஒண்ணொண்ணாத்தான சேர்ப்போம்? இதுவும் அப்படித்தான். மாத்திரயக் கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும். சடார்னு வுட்டா ஆளையே சாச்சிடும்" என்றேன்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கோழியைக் கீழே விட்டார். ஜெர்மனி டாக்டர் எனக்குக் கோடு போட்டு, படம் வரைந்து விளக்கிய சங்கதி இது.

இப்போது திரும்பி வந்துவிட்டேன். மாத்திரை இறங்குகிறது, முகம் வற்றுகிறது, டம்ளர் கையில் நிற்கிறது. நேற்று மென்சாவில் சூப்புக்குக் கொஞ்சம் உப்புப் போடலாம் என்று குடுவையை எடுத்தபோது அண்ணி போனில் வந்தார்.

"மாத்திர எந்த மட்டுல கீது பாப்பா?"

"பாதியாயிடுச்சி அண்ணி."

"சரி. அப்போ நாங்களும் இன்னிலேர்ந்து அர உப்பு போட்டுக்கறோம். உங்கண்ணன் கேட்டுக்கினே கீறாரு."

நான் ஜெர்மனிக்குத் திரும்பி இத்தனை நாளாகியும் அங்கே உலையில் உப்பு விழவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளியில் படித்தேன். எனக்காக உப்பிடாமல் இருந்தவர்களை எதுவரை நினைப்பது?

எதிரே வந்து உட்கார்ந்த மோனிகா 'மால்ட்சைட்' என்றாள். நானும் 'மால்ட்சைட்' என்றேன். உப்புக் குடுவையிலிருந்து பாதிச் சிட்டிகை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.