கூடையை இறக்கியும் இறங்காத வலி

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கழுத்துவலியை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கும். கொழுந்து நிறைய நிறையக் கழுத்து இழுக்கும். மாலையில் லயத்து வீட்டு வாசலில் ஒருத்திக்கு ஒருத்தி தைலம் தேய்த்துவிட்டபடி வம்பு பேசினால் அதுவும் ஆறிவிடும். ஆகவே தாடையும் கழுத்தும் விட்டுவிட்டு வலித்தபோது, ரெங்கம்மா அந்தப் பழியையும் கயிற்றின் மேலேயே போட்டாள்.

ஐம்பதை நெருங்கியும் அவள் கை வேகம் குறையவில்லை. வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாமல் அவளை யாரும் கண்டதில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. நின்றால் சரியாகிவிடும். வயசாகிறது என்று சிரித்துக்கொண்டாள். பக்கத்து நிரையில் பறிக்கும் வேலாயி கேலி பண்ணாமல் விடமாட்டாள்.

"என்னாக்கா, லொறி மாதிரி இரைக்கிற. தண்ணி ஊத்தவா?"

ஒருநாள் காலை, மலையெங்கும் பனிமூட்டம். கூடை பாதிகூட நிறையவில்லை. தாடையில் தொடங்கிய வலி இடது கைக்கு இறங்கியது. நெஞ்சில் பாரம் ஏற்றியது போல் அழுத்தியது. வாந்தி வருவது போலிருந்தது. வேலாயி ஓடிவந்து கூடையை இறக்கி, அவளை உட்காரவைத்து முதுகைத் தேய்த்தாள். கங்காணியும் வந்து பார்த்தார். வாயுவாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் ஏப்பம் வந்து போய்விடும் என்றார். ரெங்கம்மாவும் எழப் பார்த்தாள்.

வேலாயியின் கை ஈரமாகிவிட்டது. அந்தக் குளிரில் ரெங்கம்மாவின் முதுகு வியர்த்து நனைந்திருந்தது.

"கூடைய எறக்கியாச்சு வேலாயி," என்றாள் ரெங்கம்மா மெதுவாக. "வலி எறங்கலையேடி."

வேலாயிக்குப் பயம் வந்துவிட்டது. நடக்கவிடாமல் அவளைப் பிடித்துக்கொண்டு, டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பும்படி கங்காணியிடம் கெஞ்சினாள். தோட்டத்து டாக்டர் ஐயா மலைக்கே ஏறி வந்தார். நாடி பார்த்தார், கைக்கும் வலி போகிறதா என்று கேட்டார். உடனே லொறியை வரச் சொன்னார்.

ரெங்கம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. "நானே நடந்து எறங்குறேங்கய்யா. பொணத்த மாதிரி தூக்க வேணாம்."

"ஒரு எட்டு கூட வைக்கக்கூடாது. நீ நடக்கிற ஒவ்வொரு எட்டும் இருதயத்துக்குத்தான் பாரம்."

படங்குச் சாக்கை விரித்து அதில் கிடத்தி நாலு பேர் ரோட்டுவரை தூக்கிச் சென்றார்கள். லொறி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வேலாயி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதானே மாரடைப்பு என்று ரெங்கம்மா கேட்டாள். எல்லோருக்கும் அப்படி வராது, சிலருக்குத் தாடையில், கையில், முதுகில் வரும், பெண்களுக்கு அப்படி வந்தால் பலரும் கவனிப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார். அவளுக்குப் பிரஷர் கூடியிருந்தது. அது எத்தனை காலமாக இருந்ததோ, யாரும் அளந்து பார்க்கவில்லை. புகையிலையை அடியோடு விடச் சொன்னார். அவள் அப்பாவும் மலையில் வேலை செய்யும்போதே திடீரென்று சாய்ந்து செத்ததைக் கேட்டு அறிந்து, இது குடும்பத்தில் தொடர்ந்தும் வரலாம் என்றார். நேரத்தோடு கொண்டுவந்ததால்தான் பிழைத்தாள் என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் புருசன் இராசையாவை டிஸ்பென்சரிக்குப் போய்ப் பிரஷர் பார்த்துவரச் சொன்னாள். தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் பீடியைப் பற்றவைத்தார்.

"எனக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு," என்றாள்.

இராசையா பீடியை அணைத்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.