நடு நாற்காலி

எங்கள் கோளரங்கத்தில் வானத்தைக் காட்டி விளக்கம் சொல்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் இருட்டு சார். மூன்று மதத்துப் பள்ளிகளும் பிள்ளைகளை அவரிடம்தான் கூட்டிவரும். பிரபஞ்சம் பிறந்த கதையை அவர் முடித்ததும், "எங்க வேதத்துல இருக்கறத அப்படியே சொன்னீங்க" என்று அந்தந்த வாத்தியார் கைகுலுக்குவார். "ஆமா சார்" என்பார் இவர். யாரையும் மறுத்ததில்லை. அதற்காகவே அவருக்கு நல்லிணக்க விருது கொடுத்தார்கள்.

விழா அதே அரங்கில். மூன்று மதப் பெரியவர்களும் வந்தார்கள். மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்று பேச்சு தடித்தது. பிரபஞ்சத்துக்கு நடு என்று ஒன்று கிடையாது என அன்றாடம் தொண்டை கிழியச் சொல்கிற மனிதர், வாயே திறக்கவில்லை. போய் விளக்கை அணைத்து, நட்சத்திரங்களைப் போட்டார். சண்டை சட்டென்று அடங்கியது. ஆளாளுக்குக் கைக்கு அகப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"விளக்கப் போடுங்க சார், போட்டோ எடுக்கணும்" என்றார் போட்டோக்காரர்.

"போட்டா திரும்ப ஆரம்பிச்சுடுவாங்க. இப்படியே எடுங்க."

அந்தப் படம் இன்றும் எங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. கன்னங்கரேலென்று இருக்கும். கீழே தங்க எழுத்தில், 'அனைவரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் காட்சி'.