மைக்கில் கூப்பிட்ட பெயர்கள்

காவியா உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏரிக்கரைக் குடியிருப்பில் ரொம்பக் குறைவு. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பாள். தை மாதத்தில் அம்மா மஞ்சள் காமாலையில் போன பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று. படுத்தால் பத்து நிமிடம். எழுந்து குடத்தை நகர்த்துவாள், கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிப்பாள், மடித்ததை உதறி மறுபடி மடிப்பாள். அம்மாவின் புடவை மட்டும் மடிக்காமல் அப்படியே கிடந்தது.

"செத்த நேரம் சும்மாதான் இரேன்க்கா. பார்க்கவே தலைய சுத்துது" என்பாள் தங்கை நதியா.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் பாதி வழியில் ஒரு மண்பாதை இறங்கும். அதன் கடைசியில் முப்பத்தொரு வீடுகள், எல்லாம் இருளர் குடும்பங்கள். நடவு, அறுப்பு, மரம் வெட்டு என்று யார் கூப்பிட்டாலும் போகிறவர்கள். காவியா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். கல்லூரியில் சாதிச் சான்று கேட்டார்கள். இல்லை. அம்மா மனு கொடுத்தாள், மறுபடி கொடுத்தாள், பதில் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. காவியா கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலைக்குப் போனாள். ஒரே நிறப் புடவையில் ஆறு பெண்கள் வரிசையாக நின்று சந்தனமும் கற்கண்டும் நீட்ட வேண்டும். வெல்கம் கேர்ள்ஸ் என்று பெயர்.

அங்கேதான் காதில் கருவி மாட்டிய ஒருத்தரை அவள் பார்த்தாள். "மூணு நிமிஷத்துல பொண்ணு மேடைக்கு வரணும்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் பெண் வந்தாள். விளக்கு எரிந்தது, நாதஸ்வரம் எடுத்தது. காவியா கற்கண்டுத் தட்டோடு அசந்துபோய் நின்றாள். அவள் பார்த்த வாழ்க்கையில், வருகிறேன் என்ற நேரத்துக்கு எதுவும் வந்ததில்லை.

காஞ்சிபுரத்தில் சனி ஞாயிறில் நிகழ்ச்சி மேலாண்மைப் பயிற்சி, மூன்று மாதம், இலவசம் என்று கேள்விப்பட்டு ஓடிச் சேர்ந்தாள். நிமிடம் நிமிடமாக எழுதுகிற ரன் ஷீட், விருந்தினர் பட்டியல், கரண்ட் போனால் என்ன, மழை வந்தால் என்ன என்று அத்தனையையும் நோட்டில் அடைத்தாள். "வந்தவங்க நம்மகிட்ட ஒரு கேள்வி கேட்டாலே நாம தோத்த மாதிரி. கேக்கறதுக்கு முன்னாடி பதில் அங்க நிக்கணும்" என்பார் பயிற்சியாளர் புருஷோத்தமன். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு நிஜ நிகழ்ச்சியை நடத்தி, நடத்தச் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். மற்றவர்களுக்குக் காதுகுத்து, பிறந்தநாள் என்று கிடைத்தது. காவியாவை நம்பி விழா கொடுக்க யாரும் இல்லை.

சித்திரைக் கடைசியில், சாதிச் சான்று மனுக்கள் விஷயமாகக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வருகிற வியாழக்கிழமை அதிகாரி நேரில் விசாரிக்க வருகிறார், எல்லாரையும் ஒரே இடத்தில் இருக்கச் சொல்லுங்கள் என்றார்கள். இதற்கு முன் இரண்டு முறை இப்படி வந்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்து, நாலு வீட்டைக் கேட்டுவிட்டு, இருட்டிவிட்டது என்று போய்விட்டார்கள். நதியாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. ஜூன் கடைசிக்குள் சான்று கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும். அக்காவுக்கு நடந்ததே தங்கைக்கும் நடக்கும்.

காவியா அன்றே ஒரு தாளை எடுத்து மேலே எழுதினாள்: நிகழ்ச்சி, சாதிச் சான்று முகாம். எதிர்பார்க்கும் விருந்தினர், ஒருவர்.

கூடப் படிக்கிற ஜெனிஃபர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊர்ல கல்யாணம் பண்ணுவாங்க, காதுகுத்து பண்ணுவாங்க. நீ ஆபீசருக்கு வளைகாப்பு பண்றியாடி?"

"நீ மைக் புடி. சர்ச்சுல வாசிக்கிற குரல்தானே."

"வாசிச்சா பிரியாணி உண்டா?"

"மோர் உண்டு."

முப்பது பேரை ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். குடியிருப்பில் எல்லாரும் மதிக்கிற சின்னதம்பி, "ஆபீசரு வருவாருன்னு போன தபா ரெண்டு நாள் கூலி இல்லாம காஞ்சு கெடந்தோம். முடிச்சாரா?" என்றார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு முடிச்சுடுவேன் மாமா. நான் பொறுப்பு."

"உங்கம்மாவும் இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தா" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி, நிக்கிறோம் போ."

மண்டப வேலையில் பழக்கமான பந்தல்காரர் கலைச்செல்வன் பழைய துணிப்பந்தலும் நாற்காலிகளும் அனுப்பினார். ஜெராக்ஸ் மெஷின் வந்தது, ஜெனரேட்டர் வந்தது. காவியா வீடு வீடாகப் போய் ஆதார் நகல் வாங்கினாள். அலுவலகத்தில் இருந்த பழைய மனுக்களின் விவரத்தையும் சேர்த்து, பயிற்சியில் சொன்னபடி அகர வரிசையில் பட்டியல் அடித்தாள். அவ்வளவு அழகான பட்டியலை அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு ஜீப் வந்தது. ஐம்பது வயதுக்காரர், வழுக்கைத் தலை, கூட ஒரு உதவியாளர். அதிகாரி பந்தலைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், மண்டபத்தில் போலத் துணி உறை மாட்டிய நாற்காலியைப் பார்த்தார். முகம் மலரும் என்று காவியா எதிர்பார்த்தாள். சுருங்கியது.

"யார் பண்ணது இதெல்லாம்? கட்சியா?"

"நாங்களே சார்."

"நீங்களேவா?" காவியாவின் கழுத்தில் தொங்கிய அட்டையையும் கையிலிருந்த ரன் ஷீட்டையும் பார்த்தார். "ம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று காவியாவுக்குப் பிடிபடவில்லை. நிற்க முடியாமல் ஜெராக்ஸ் மெஷினிடம் ஓடினாள். பந்தலுக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்தில், தாள் சிக்கிக்கொண்டிருந்தது. மைக்கில் ஜெனிஃபரின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு பெயர். மறுபடி அதே பெயர். அடுத்த பெயர். ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? பத்து நாற்பது. ரன் ஷீட்டின்படி ஐந்தாவது ஆள் இப்போது எழுந்திருக்க வேண்டும்.

"சிட்டம்மாள். சிட்டம்மாள் இருந்தா முன்னாடி வாங்க. சிட்டம்மாள்."

யார் அந்தப் பொம்பளை, கூப்பிடும்போது எழுந்து போகக் கூடாதா என்று காவியாவுக்கு எரிச்சல் வந்தது. சிக்கிய தாளைப் பிடித்து இழுத்தாள். தாள் கிழிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

சிட்டம்மாள் அவளுடைய அம்மா. பழைய மனுவில் இருந்து பெயர் அப்படியே பட்டியலுக்கு வந்திருக்கிறது. அம்மாவை உயிரோடு இருந்தவரை யாரும் சிட்டம்மாள் என்று கூப்பிட்டதில்லை. நெட்டச்சி. உயரமாக இருப்பாள், அதனால் நெட்டச்சி. பெற்ற மகளுக்கே மைக்கில் கேட்ட பெயர் யாரோ ஒருத்தியின் பெயராக இருந்தது என்றால், பந்தலில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கு?

முன்னால் ஓடி வந்தபோது அதிகாரி எழுந்து நின்றிருந்தார். பந்தலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"பட்டியல் ஜோரா அடிச்சிருக்கீங்க. ஆனா ஒருத்தருக்குக்கூட தன் பேர் தெரியல. இவங்க யாரு? எங்கேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?"

காவியா ஜெனிஃபர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"வெள்ளச்சி அத்தே! நீதான் ஜெயம்மா. எழுந்து வா."

கறுத்த, பருத்த ஒரு பெண் மூன்றாம் வரிசையில் எழுந்தாள். "ஏண்டி, ஆபீசரு முன்னால வெள்ளச்சின்னு மைக்குல கூவுற? மானம் போவுது."

"வா அத்தே, அப்புறம் திட்டு. கோயி சித்தி, நீ கோவிந்தம்மாள். மெட்ராசு மாமா, நீதான் பிரகாஷ்."

"நானா?" ஒல்லியான ஒரு ஆள் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். "எம் பேரு பிரகாஷா? எவன் வெச்சான்?"

"நீயேதான்டா" என்றார் சின்னதம்பி. "கார்டுக்கு போட்டோ புடிக்கசொல்ல ஸ்டைலா ஒரு பேரு சொல்றேன்னு சொன்ன."

பந்தல் சிரித்தது. உதவியாளர் முதலில் சிரித்தார். அதிகாரி உட்கார்ந்தார். "ஏன் மெட்ராஸ்?" என்று கேட்டார். ஒரே சமயத்தில் பத்துப் பேர் சொன்னார்கள்: கட்டட வேலைக்கென்று சென்னைக்குப் போனவன், கோயம்பேட்டில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டான்.

"பஸ்ஸு பேஜாரு இல்ல சார், ஜனம் பேஜாரு" என்றார் பிரகாஷ்.

அதன் பிறகு பட்டியல் மேசையின் கீழே போய்விட்டது. அதிகாரி ஒருவரைப் பார்த்து இவர் அண்ணன் யார் என்றால் நாலு பக்கத்திலிருந்து கை நீண்டது. கொண்டது எந்த ஊர், கொடுத்தது எந்த ஊர் என்றால் திருமுக்கூடல், மாகறல் என்று வரிசையாக வந்தது. ஒருவர் விட்டதை இன்னொருவர் திருத்தினார். இடையில் ஒரு பழைய சண்டையும் கிளம்பி அடங்கியது. காவியா நேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு மணிக்கு முடியவில்லை. இரண்டரை ஆயிற்று. அதிகாரி எழுந்து போகவில்லை.

கடைசியாக அவளுடைய முறை.

"சிட்டம்மாள் யாரு?"

"எங்கம்மா சார். தையில தவறிட்டாங்க."

அவர் அந்த மனுவை ஒதுக்கி வைத்தார். "பிள்ளைங்க பேர்ல தனித்தனியா மனு இருக்கா?"

"இருக்கு சார். என்னோடது ஒண்ணு, தங்கச்சியோடது ஒண்ணு."

"தங்கச்சி மாணவி. சரி. உனக்குத் தொழில்?"

"இதான் சார். இன்னைக்குப் பண்ணேனே."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அதை எழுதினா மேல ஒரு கேள்வி வரும்மா. கூலின்னு போட்டுடறேன். சுளுவா முடிஞ்சிடும்."

நதியா அக்காவின் சுடிதார் நுனியைப் பின்னாலிருந்து இழுத்தாள். கூலி என்பது பொய் இல்லை. அம்மா கூலி, அப்பா இருந்தவரை கூலி. பன்னீர் தெளித்ததும் கூலிதான். ஆனால் இன்று காலையிலிருந்து அவள் செய்தது?

"தங்கச்சி தாளை மொதல்ல முடிச்சுக் குடுங்க சார்" என்றாள். அவர் அதை முடித்து, உதவியாளரிடம் நீட்டும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். "என்னோடதுல நெசத்தைப் போடுங்க."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். 'விழா ஏற்பாட்டாளர்' என்று எழுதினார்.

காவியா பயிற்சித் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டதும் அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "நடத்தச் சொன்னது நான் இல்லையேம்மா. நான் இங்க விருந்தாளி." கையெழுத்தை ஜெயம்மா போட்டாள். குறைகள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஜெனிஃபர் கேட்டாள்.

"எழுது" என்றாள் ஜெயம்மா. "மைக்குல பேரைக் கெடுத்துட்டா. மோருல உப்பு இல்ல."

ஜெனிஃபர் இரண்டையும் அப்படியே எழுதினாள்.

பதினெட்டு நாள். சான்று வந்ததா என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை போனைத் திறந்து பார்த்தாள் என்று காவியாவுக்கே தெரியாது. கிணற்றடியில், பஸ்ஸில், மண்டப வாசலில். பத்தொன்பதாம் நாள், கலைச்செல்வன் அவளை நம்பிக் கொடுத்த முதல் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்குக் கால் மணி இருக்கும்போது, இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. நதியாவின் சான்று தயார். காவியாவின் மனுவில் தொழில் குறித்து எழுத்துமூலம் விளக்கம் தேவை, பதினைந்து நாளுக்குள்.

நதியாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. "அழுவாத. அஞ்சு மணிக்குள்ள இ-சேவை மையம் போ, ரெண்டு காப்பி எடு, லேமினேட் பண்ணிடாத" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு அன்றைய ரன் ஷீட்டைத் திருப்பி, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து, வெற்றுப் பக்கத்தில் விளக்கத்தை எழுதத் தொடங்கினாள். ஐயா, நான் செய்யும் தொழிலாவது. மேளம் தெருமுனையில் கேட்டது. பேனாவை மூடாமலே வாசலுக்கு நடந்தாள், அடுத்த வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டே.