கடைசிப் பாட்டைக் கேட்காதவர்

தினமும் காலையில் ஒருவர் மத்திகிரியில் என் ஆட்டோவில் ஏறி, ஜூஜுவாடியில் இறங்குவார். அதற்குமேல் கர்நாடகம், எங்கள் ஆட்டோ போகக் கூடாது. அவர் நடந்தே எல்லையைத் தாண்டுவார்.

இஸ்திரி போட்ட சட்டை, தூங்காத கண்கள். செல்போனில் ஒரு பெண் இங்கிலீஷில் பாடுவாள். பலரும் பாடிய பழைய ஜாஸ் பாட்டுகளாம். எப்போதும் அதே ஆல்பம். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அணைத்துவிடுவார். பாட்டை நிறுத்தி எல்லையில் யாருக்கோ ஜாடை காட்டுகிறாரோ, போலீஸ் என்னையும் பிடிக்குமோ என்று எனக்கு உதறல்.

"ஏன் சார், கடைசிப் பாட்டு மட்டும் ஆகாதுங்களா?"

"அது பாக்கி இருக்குதுன்னுதான் தம்பி நான் காலைல எந்திரிக்கிறதே," என்று சிரித்தார்.

நேற்று அதையும் முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான் பாடியிருக்கா," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். இனி அவருக்கு எது பாக்கி?

ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு நானும் அவர் பின்னால் எல்லையைத் தாண்டினேன்.